வரி நோட்டில் இல்லாத பெயர்

கம்பம் பள்ளத்தாக்குக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால், அதற்கடுத்து வருகிற முதல் திருவிழாவில்தான் ஊருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உரசல் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள், வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஊர் பார்த்தும் பாராமல் விட்டுவிடும். வரி கேட்டு வரும் நாளில் அப்படி விட முடியாது.

திருவிழா சாட்டுவதற்கு முன்பு சாவடியில் ஊர்க்கூட்டம் கூடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடிவாகும். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. அட்டை கிழிந்த நீளமான நோட்டு ஒன்றில் தெருவாரியாகப் பெயர்கள் இருக்கும். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், நோட்டைச் சுமக்க ஓர் இளவட்டம் என்று வீடு வீடாகப் போவார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "என்ன மாப்ள, இந்த வருசம் சாமி கும்புடுக்கு உன் பங்கு நிக்குது." "மாமா, நாங்க வேதத்துக்குப் போயிட்டோம்னு உங்களுக்கே தெரியும். ரோடு போடணும், தண்ணித் தொட்டி கட்டணும்னா சொல்லுங்க, மொத ஆளா குடுக்குறேன். இதுக்கு மட்டும் வேணாம்." மாமா கோபப்படாமல் திரும்பிப் போகக்கூடும். ஆனால் நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே பாக்கி விழும். பாக்கி வைத்தவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். ஆண்டுகள் போகப் போகப் பாக்கி ஏறும். ஒரு கட்டத்தில் பெயரையே அடித்துவிடுவார்கள்.

கிறிஸ்தவரைப் பக்திமான்கள் பகைக்கிறார்கள் என்று நாம் பொதுவாகச் சொல்வதைத் தேனிப் பகுதியை வைத்து நெருங்கிப் பார்த்தால், அதில் கடவுள் பற்றிய வாக்குவாதம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. பகை பிறப்பது வரியில், பங்காளி உறவில், மயானத்தில், ஜெபம் நடக்கும் வீட்டு வாசலில். இப்படிச் சொல்வதால் பகையின் கொடுமை குறைந்துவிடாது. எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் மருந்து தேட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் அரசுகளும் நீதிமன்றங்களும் ஐம்பது ஆண்டுகளாக மதமாற்றம் எப்படி நடந்தது என்று மட்டுமே கேட்டுவருகின்றன. மாறியவருக்கு அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டதேயில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 12.45 லட்சம். அதில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம். தமிழ்நாட்டு அளவான 6.12 சதவீதத்தில் பாதிதான். ஆனால் அந்த 3 சதவீதத்தின் வேர் ஆழமானது. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரைக்கு வந்து தொடங்கிய மிஷன், பெரியகுளத்தை ஒரு மையமாக வைத்துப் பள்ளத்தாக்குக்குள் பள்ளிகளையும் சபைகளையும் கொண்டுபோனது. அவர்கள் 1845இல் கொடைக்கானலில் குடியேறியதும் பெரியகுளத்துப் பக்கம் ஏறும் மலைப்பாதை வழியாகத்தான். இன்று அந்தச் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கர் திரளாக வாழும் இராயப்பன்பட்டியும் ஆனைமலையன்பட்டியும் சுருளி ஆற்றுப் படுகையின் திராட்சை ஊர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் ரகத்தை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. அந்தப் பழத்தை யாரும் அந்நியம் என்று ஒதுக்குவதில்லை.

பகையின் கதை பள்ளத்தாக்கைவிடப் பழையது. அதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஓரியூரை. லிஸ்பனில் 1647இல் பிறந்து, கத்தோலிக்கரின் மதுரை மிஷனுக்கு வந்து, அருளானந்தர் என்று பெயர் பெற்ற ஜான் டி பிரிட்டோவை 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான், பாம்பாற்றங்கரையில், தலை வெட்டிக் கொன்றார்கள். ஆணை, மறவர் சீமையை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதியுடையது. பிரிட்டோ அதற்குமுன் 1686இலும் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தவர். அப்போது உயிரோடு விட்டுவிட்டார்கள். ஏழாண்டு கழித்து மட்டும் ஏன் வாள்?

இடையில் நடந்தது ஒரு குடும்ப விவகாரம். அரச குடும்பத்தோடு உறவுடைய தடியத் தேவர் நோயிலிருந்து மீண்டு ஞானஸ்நானம் கேட்டார். கிறிஸ்தவராவதற்கு ஒரே மனைவி என்பது நிபந்தனை. அவர் மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனை சேர்ந்ததும் பிரிட்டோவின் கதை முடிந்துவிட்டது. மறவர் சீமையில் திருமணம் என்பது அரசியல் கூட்டு. அதை அறுத்தவர் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டிருந்தாலும் தப்பியிருப்பாரா என்பது சந்தேகமே. பிரிட்டோவுக்கு 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது; ஓரியூரின் செம்மண்ணை இன்று எல்லா மதத்தாரும் எடுத்துப்போகிறார்கள். ஆனால் எந்தக் குற்றமும் செய்யாமல், கணவன் மனம் மாறியதால் மட்டும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதாக நான் அறியேன். அவளுக்கும் அநியாயம் நடந்தது. மறைசாட்சியைப் போற்றுகிற நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நூறாண்டு கழித்து இதே கதை திருநெல்வேலியில் வேறு வடிவில் வந்தது. அங்கே கிறிஸ்தவம் தழுவிய நாடார்களின் வீடுகளும் ஜெப இடங்களும் தாக்கப்பட்டபோது, அவர்களின் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் ஒரு வழி கண்டார்: ஊரைவிட்டு வெளியேறி, நிலம் வாங்கி, புதிய ஊர் கட்டுவது. 1799இல் அப்படிப் பிறந்தது முதலூர். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று கிறிஸ்தவ ஊர்கள் பின்னால் ஒவ்வொன்றாக எழுந்தன. பனங்காட்டு நிலம் மலிவாகக் கிடைத்ததால் அது முடிந்தது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 1840களில் விபூதி சங்கம் என்ற பெயரில் எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள். 1845இல் நல்லூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊர்கள் தாக்கப்பட்டன. அது தொடர்பான வழக்கு சென்னை சதர் அதாலத்து நீதிமன்றம் வரை போய், நீதிபதி மால்கம் லூயினுக்கும் ஆளுநர் ட்வீடேலுக்கும் மோதலாகி, லூயின் பதவி இழந்ததில் முடிந்தது. சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி 1844இல் தொடங்கிய கிரெசன்ட் பத்திரிகை, அரசு மிஷனரிகளுக்குச் சாய்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. கலெக்டர் வெள்ளைக்காரர், பாதிரியாரும் வெள்ளைக்காரர் என்ற நிலையில், பனையேறும் ஏழை எதைக் கும்பிட வேண்டும் என்ற கேள்வி ஆட்சியதிகாரத்தின் கேள்வியாகவும் மாறியிருந்தது.

பள்ளத்தாக்கு வேறு மண். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தபின் கூடலூரிலிருந்து கீழே இருபோக நெல் விளையும் நன்செய். அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. புதிதாகக் கிறிஸ்தவரானவர்களில் பெரும்பகுதி அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். முதலூர் போலத் தனி ஊர் கட்ட அவர்களுக்கு வழியில்லை. ஒரு தெருவில் நான்கு வீடு, இன்னொரு தெருவில் இரண்டு வீடு என்று சிதறி, அதே குழாயில் தண்ணீர் பிடித்து, அதே பண்ணைக்காரரிடம் நடவுக்குப் போய் வாழ வேண்டியிருந்தது. நெல்லைக் கிறிஸ்தவர் தாக்கப்பட்டார், விலகினார், ஊர் கட்டினார். தேனிக் கிறிஸ்தவர் தினமும் முகம் கொடுத்து வாழ்கிறார். அதனால் இங்கே பகை பெரிய கலவரமாக வெடிப்பது அரிது. வேலைக்குக் கூப்பிடாமல், கடையில் கடன் கொடுக்காமல், தேரடியில் பேச்சை நிறுத்தி அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

விலக்கின் பல்லைப் பிடுங்கியது, என் கணிப்பில், எந்தச் சட்டமும் அல்ல, ஏலத்தோட்ட ஜீப். விடிவதற்கு முன்பே கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் ஆயிரக்கணக்கானோர் இடுக்கி மலைக்கு வேலைக்குப் போகிறார்கள். பண்ணைக்காரர் கூப்பிடாவிட்டாலும் அடுப்பு எரியும் என்ற நிலை வந்தபிறகு, பசியைக் காட்டி ஒரு குடும்பத்தை வழிக்குக் கொண்டுவருவது கடினமாகிவிட்டது. மிச்சமிருப்பது உறவின் விலக்கு. அதற்கு மருந்தாக எந்த ஜீப்பும் இல்லை.

உறவு எங்கே அறுகிறது என்பதை வெளியிலிருந்து வருகிற போதகர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலில் கூட வேண்டும். கிடா வெட்டினால் கறி பங்கு பிரியும். பங்கு வாங்குவதுதான் 'நான் உங்களில் ஒருத்தன்' என்பதற்குச் சாட்சி. படையல் கறி தின்னலாமா என்று கொரிந்து சபைக்குப் பவுல் இரண்டு இடங்களில் விரிவாக எழுத வேண்டியிருந்ததை நினைத்தால், இந்தச் சிக்கல் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது என்று தெரியும். கறியை மறுப்பவர் தன் மனசாட்சிக்குச் செய்வதைப் பங்காளி தனக்குச் செய்த அவமானமாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ மழை பொய்த்தாலோ, 'ஒருத்தன் வராமப் போனதால வந்த குறை' என்று பேச்சு கிளம்பும். வெள்ளம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் ரோமானியர் கிறிஸ்தவர்களையே பழிக்கிறார்கள் என்று கார்த்தேஜில் இருந்து தெர்த்துல்லியன் எழுதி ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு மேலாகிறது.

பெண்கள் நிலை இன்னும் கடினம். பெந்தெகொஸ்தே சபைகளுக்கு முதலில் போவது பெரும்பாலும் பெண்தான். புருஷனின் குடி, பிள்ளையின் நோய், தீராத வயிற்றுவலி என்று ஏதோ ஒன்று அவளை அங்கே கொண்டுபோகிறது. சில சபைகள் நகை போடக் கூடாது என்கின்றன. கம்மலைக் கழற்றிய காதோடு அவள் தெருவில் நடக்கும்போதே ஊருக்கெல்லாம் சேதி தெரிந்துவிடும். பிறகு அவள் பிள்ளைக்குக் காதுகுத்து வேண்டாம் என்கிறாள். எங்கள் பக்கம் காதுகுத்து தாய்மாமனின் உரிமை. அவர் சீர்த்தட்டோடு வந்து மடியில் உட்காரவைத்துக் குத்தினால்தான் அவருக்கு மரியாதை. கூடப் பிறந்த தங்கை தன் மரியாதையைப் பறித்துவிட்டாள் என்று குமுறும் அண்ணனுக்கும், சிலுவையை இழிவுபடுத்த வரும் கும்பலுக்கும் ஒரே பெயர் வைப்பது அநீதி. முதலாமவரோடு உட்கார்ந்து பேசலாம், பேச வேண்டும். இரண்டாமவர்களுக்குக் காவல் நிலையம் இருக்கிறது.

மயானத்துக்கு வருவோம். செத்த உடலைத் தாமதமாக எடுக்க முடியாது என்பதால், வாழ்நாள் முழுக்க ஒத்திப்போட்ட பகை அங்கே ஒரே நாளில் வந்து நிற்கும். பழைய சபைகளுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. பத்துப் பதினைந்து குடும்பங்கள் மட்டுமே உள்ள புதிய சபைக்கு எங்கே இருக்கும்? பொது மயானத்தில் குழி தோண்டப் போனால், வரி பாக்கியைக் காட்டி வழி மறிக்கலாம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சத்தீஸ்கர் காட்டியது. பஸ்தர் மாவட்டம் சிந்த்வாடாவில் 2025 ஜனவரி 7 அன்று இறந்த கிறிஸ்தவ போதகரின் உடலைச் சொந்த ஊரில் புதைக்க ஊர் விடவில்லை. உடல் பிணவறையில் கிடக்க, மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 27 அன்று இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். சொந்த நிலத்திலேயே புதைக்கலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. கிறிஸ்தவருக்கென ஒதுக்கிய இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. உடலை மேலும் காக்கவைக்கக் கூடாது என்பதற்காக, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறிஸ்தவ மயானத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் ஒரு மகன் தன் தகப்பனுக்கு ஆறடி மண் கேட்டு நின்ற நாடு இது.

தமிழ்நாட்டில் பகை அதிகம் அலுவலக மொழி பேசுவது ஜெபவீட்டு விஷயத்தில்தான். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகளில் 4(3) என்று ஒரு பிரிவு. பொது வழிபாட்டுக்கான கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால் அவர் மறுக்கலாம். விதிகள் பின்னால் திருத்தி எழுதப்பட்டாலும் ஆட்சியர் அனுமதி என்ற ஏற்பாடு நீடிக்கிறது. படித்துப் பார்த்தால் எல்லா மதத்துக்கும் பொதுவான, நியாயமான விதி. நடைமுறையைப் பாருங்கள். முட்டுச்சந்தில் இருக்கும் சாமிக்கு மேடை எழுப்புகிறவர் யாரும் இந்த விதியை நினைப்பதில்லை. ஓட்டுவீட்டில் முப்பது பேர் கூடி ஜெபிக்கத் தொடங்கியதும் மனு பறக்கும். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வட்டாட்சியர் விசாரணை, கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிக் கூட்டம். கூட்டத்தில் ஒரு தரப்பு, 'ஜெபம் நடந்தால் பிரச்சினை வரும்' என்கிறது. பிரச்சினை வரும் என்று பதிவாகிவிட்டதால், அமைதியைக் காக்க ஜெபம் நிற்கிறது. மிரட்டியவரின் மிரட்டலே மிரட்டப்பட்டவருக்கு எதிரான ஆதாரமாகிவிடுகிறது. வீட்டுக்குள் குடும்பத்தோடு ஜெபிக்க அனுமதி தேவையில்லை என்று சில உத்தரவுகள், வீட்டையே ஜெபக்கூடமாக்கினால் அனுமதி வேண்டும் என்று வேறு சில உத்தரவுகள் என நீதிமன்றங்களும் இரு பக்கமும் இழுக்கின்றன. ஒலிபெருக்கி வைத்துத் தெருவையே எழுப்பும் சபைகளுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கிக்குத் தனியாகச் சட்டம் இருக்கிறது. அதைக் கொண்டு ஒலியைக் குறைக்கலாம், வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை.

சட்டம் எதைக் கேட்கிறது என்ற கேள்விக்கு இங்கே வருகிறேன். 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவ மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்றதும் அதைத் திரும்பப் பெற்றது. இந்த வரிசை முழுவதிலும் மாறியவர் ஏமாற்றப்பட்டவராகவோ விலைபோனவராகவோதான் வருகிறார். தானே யோசித்து முடிவெடுத்த மனிதராக எங்கும் வரவில்லை. 2022 தொடக்கத்தில் போடி அருகே டொம்புச்சேரியில் தலித் குடும்பங்கள் சில இஸ்லாத்தைத் தழுவிய செய்தி வந்தபோதும், யார் தூண்டினார்கள் என்றே பலர் கேட்டார்கள். சாதிக் கொடுமை தாங்காமல்தான் போகிறோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு.

ஆங்கிலேயர் ஆட்சி ஓர் இடத்தில் இதைவிடத் தெளிவாக யோசித்தது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதம் மாறியதாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதாலோ ஒருவர் சொத்துரிமையை இழக்க மாட்டார் என்றது. அந்தச் சட்டம் எப்படி மாறினாய் என்று கேட்கவில்லை. மாறியதால் உன்னிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று கேட்டது.

அதே கேள்வியைச் சுதந்திர இந்தியா தலித் கிறிஸ்தவரிடம் கேட்கத் தவறிவிட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தலித் கிறிஸ்தவரை ஊர் பழைய சாதிப் பெயர் சொல்லித்தான் ஏசும். ஏசியவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயாது. தாக்கப்பட்ட ஒரு போதகர் தொடுத்த வழக்கில் 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதனால் பலர் சான்றிதழில் இந்துவாகவும் ஜெபத்தில் கிறிஸ்தவராகவும் இரண்டு பெயரோடு வாழ்கிறார்கள். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்றது. ஒரு மனிதரைப் பிள்ளையின் படிப்பா, சொந்த மனசாட்சியா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆணையை எந்தப் பெயரால் அழைப்பது?

பகை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதாக எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பள்ளத்தாக்கின் சபைகளைத் தொடங்கிய அதே அமெரிக்க மதுரை மிஷன் 1847இல், சாதி பார்ப்பவர் சபையில் நீடிக்க முடியாது என்று கண்டிப்புக் காட்டியபோது, உபதேசியார்கள் உட்படப் பலர் சாதியை விட மறுத்துச் சபையைத்தான் விட்டார்கள். வடக்கன்குளம் கோயிலில் பிள்ளைமாருக்கும் நாடாருக்கும் இடையே நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. இடித்த பாதிரியார் கௌசானலின் தரப்பை எதிர்த்து அதே சபையின் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அங்கே 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022இல் புனிதர் பட்டம் தருமுன், பெயரிலிருந்த 'பிள்ளை'யை நீக்கும்படி வத்திக்கானுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் மோதல் முற்றி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே மாதாவை வணங்கியவர்கள்.

தமிழகத்தின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் மாதா திருவிழாவுக்கும் கொடியேற்றம் உண்டு, சப்பரம் உண்டு, தலைக்கட்டு வரியும் உண்டு. அங்கே ஒரு குடும்பம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், 'மாதாவுக்கு வரி கொடுக்க மாட்டோம்' என்று சொன்னால் நடப்பது வேறல்ல. பாக்கி விழும், பேச்சு நிற்கும், கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்படும். தான் பகைக்கப்பட்ட கதையைப் பிரசங்கமேடையில் சொல்கிறவர், தன் ஊர் இன்னொருவரைப் பகைக்கும் கதையையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

பேச்சில் கிறிஸ்தவர் செய்யும் தவறும் சிறியதல்ல. பிறர் வணங்கும் தெய்வத்தைச் சாத்தான் என்று ஒலிபெருக்கியில் கூவும் போதகர், அன்று மாலை காரில் ஏறி மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடுவார். மறுநாள் காலை அதே குழாயடியில் குடத்தோடு நிற்கப்போவது அந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண். தன் விசுவாசத்தைச் சொல்ல அடுத்தவர் சாமியை ஏச வேண்டிய அவசியம் எந்த மதத்துக்கும் இல்லை. தேனியிலும் கம்பத்திலும் கூட்டம் நடத்த வருகிற ஒவ்வொரு போதகரிடமும் உள்ளூர்ச் சபையே இதை முன்கூட்டிக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் உட்காருகிற பெரியவர்கள் ஒன்று செய்யலாம். வரியை இரண்டாகப் பிரியுங்கள். கண்மாய், தெருவிளக்கு, மயானப் பாதை, பள்ளிக்கூடம் எல்லாம் ஊர்ப்பொது. அதற்கு எல்லாத் தலைக்கட்டும் கொடுக்கட்டும், கிறிஸ்தவர் ஒரு பங்கு கூடவே கொடுக்கட்டும். சாமி காரியம் விரும்பிக் கொடுப்பவருடையது. சாமிக்கு மனமில்லாமல் கொடுத்த பணத்தில் எந்தத் தெய்வத்துக்கும் பெருமை சேராது என்பது பக்தி உள்ள யாருக்கும் தெரியும். சாமி வரி கொடுக்காதவருக்கும் குழாயும் மயானமும் தடையில்லை என்பது ஊர்க்கூட்டத்திலேயே முடிவாக வேண்டும்.

ஊர் தானாகச் செய்யாத இடங்களில் அரசு செய்ய வேண்டும். கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். ஆனால் ஊர்விலக்கையே குற்றமாக வரையறுத்துத் தண்டிக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. மகாராஷ்டிரம் அப்படி ஒரு சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை 2016இல் நிறைவேற்றியது. அது சாதிமீறித் திருமணம் செய்தவரையும் காக்கும், மதம் மாறியவரையும் காக்கும், மாற மறுத்தவரையும் காக்கும். தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டு 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்ட தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு, டெல்லியின் கையை எதிர்பார்க்காமல் தானே செய்யக்கூடிய வேலை இது. தேனி மாவட்டத்தின் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களும் இந்தச் சட்டத்தைக் கேட்டு அவையில் பேச வேண்டும். பேசவைப்பது வாக்காளர்களாகிய நம் பொறுப்பு.